‘ஸ்பீடிங்’ என்றால் வேகமாகப் போவது மட்டும்தானா?

கேள்வி இது: ‘ஸ்பீடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எங்கே எப்படிப் பயன்படுத்துவது? அகராதியில் ‘விரைதல்’ என்றுதான் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ‘ஸ்பீடிங் டிக்கெட்’ வாங்கிவிட்டேன் என்கிறாரே, அது என்ன?

அகராதி சொல்வதும் சரி, உங்கள் அண்ணன் சொல்வதும் சரி. ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எது வேகமாகப் போனாலும் ஆங்கிலத்தில் அது ஸ்பீடிங்தான்: ரயில், தோட்டா, காற்றில் ஓடும் மேகம், எல்லாமே. இந்தப் பொதுப்பொருளில் நல்லது கெட்டது எதுவும் இல்லை. ஆனால் சாலை, கார், போலீஸ் என்று பேச்சு வந்துவிட்டால் பொருள் சட்டென்று இறுகிவிடும். அங்கே ஸ்பீடிங் என்பது ஒரு குற்றத்தின் பெயர். அந்தச் சாலைக்கு அரசு விதித்திருக்கும் வேக வரம்பைத் தாண்டி வண்டி ஓட்டுவது. டிக்கெட் என்பது அதற்குப் போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டு, நம்மூர் சலான்.

இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற விரைவுச் சாலைகளில் பல பகுதிகளில் கார்களுக்கு வேக வரம்பே கிடையாது, 130 கிலோமீட்டர் என்பது வெறும் பரிந்துரை. அங்கே 180இல் போகிறவர் பயங்கர வேகத்தில் போகிறார், ஆனால் ஸ்பீடிங் செய்யவில்லை. பள்ளிக்கூட வாசலில் 25 என்று பலகை இருக்கும் இடத்தில் 35இல் போகிறவருக்கு வண்டி ஊர்ந்து போவது போலத்தான் தோன்றும், ஆனால் அவர் ஸ்பீடிங் செய்கிறார். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளின் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, அதனால் இந்த வித்தியாசத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு வரம்பு இருந்து, ஓர் அளவும் இருந்தால்தான் ஸ்பீடிங். இல்லாவிட்டால் அது வெறும் வேகம், அல்லது பார்த்தவரின் அபிப்பிராயம். இது எப்படி வந்தது என்று தெரிய, சொல்லின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும், அது நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பேட்’ என்றால் வேகம் இல்லை. வெற்றி, செழிப்பு, செல்வம், நல்ல காலம், இவைதான் அதன் பொருள். ‘ஸ்பேடன்’ என்ற வினை, காரியம் கைகூடுவதைக் குறித்தது. இதற்கு அடியில் இருக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரின் பொருளும் செழித்தல், ஈடேறுதல் என்பதுதான். அதே வேரிலிருந்துதான் நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் ‘ஸ்பேஸ்’, வெற்றியைக் குறிக்கும் ரஷ்ய ‘உஸ்பேஹ்’, செழித்த, பெருத்த என்று பொருள்படும் சமஸ்கிருத ‘ஸ்பீத’ எல்லாம் வந்தன என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். டச்சு மொழியில் உடன்பிறந்த சொல் ‘ஸ்பூட்’, அவசரம் என்று பொருள். பெல்ஜியத்தில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவைக் காட்டும் பலகையில் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பீர்கள்.

இந்தப் பழைய பொருள் ஆங்கிலத்தில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. இதற்கு நம் கைக்கு எட்டும் சாட்சி பைபிள். ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரர் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போகிறார், கிணற்றடியில் நின்று ஜெபிக்கிறார். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் கடவுளிடம் கேட்பது ‘குட் ஸ்பீட்’. இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் படித்தால் ‘நல்ல வேகம் கொடு’ என்று கேட்பது போல இருக்கும். தமிழ் பைபிளில் அதே இடத்தைப் பாருங்கள்: ‘இன்றைக்கு நீர் எனக்குக் காரியம் சித்திக்கப்பண்ணி’ என்று இருக்கிறது. காரிய சித்தி, அவ்வளவுதான். பழைய ‘ஸ்பீட்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

‘காட்ஸ்பீட்’ என்று வழியனுப்புவார்களே, அதுவும் இந்த வகைதான். ‘கடவுள் உன் காரியத்தைக் கைகூட வைக்கட்டும்’ என்பதன் சுருக்கம் அது. 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்பட்டபோது சக விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் ‘காட்ஸ்பீட், ஜான் கிளென்’ என்றார். ராக்கெட் சமாசாரம் என்பதால் கடவுளின் வேகத்தில் போ என்று பலர் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். போய்வா, நல்லபடியாக முடியட்டும் என்று அவர் வாழ்த்தினார். 1620இல் மேஃபிளவர் கப்பலோடு சேர்ந்து அமெரிக்காவுக்குக் கிளம்பிய இன்னொரு கப்பலின் பெயர் ஸ்பீட்வெல். வேகமான கப்பல் என்பதற்காக வைத்த பெயர் இல்லை அது, நன்றாகக் கைகூடட்டும் என்ற மங்கலப் பெயர். ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்ததால் அது பாதியிலேயே திரும்பிவிட்டது, மேஃபிளவர் தனியாகப் போனது.

‘மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்’ என்ற பழமொழியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவசரம் கூடினால் வேகம் குறையும் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, அதெப்படி என்று குழம்பியும் இருப்பீர்கள். ஸ்பீட் என்ற இடத்தில் பழைய பொருளைப் போட்டால் குழப்பமே இல்லை: அவசரம் கூடினால் காரியம் கெடும். நம் ‘பதறாத காரியம் சிதறாது’ சொல்வதும் இதையேதான்.

சரி, வெற்றி எப்படி வேகம் ஆனது? ஒரே நாளில் ஆகவில்லை. பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்திலேயே விரைவு என்ற பொருள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது, பிறகு பல நூற்றாண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காரியம் கைகூடுகிறது என்றால் தடை இல்லாமல் நடக்கிறது, தடை இல்லாமல் நடந்தால் சீக்கிரம் முடிகிறது. ‘பத்திரப் பதிவு மளமளன்னு முடிஞ்சது’ என்று நாம் சொல்லும்போது சீக்கிரம் முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று இரண்டையுமே சொல்கிறோம் இல்லையா? அந்த இரட்டைப் பொருளில் ஒரு பாதி தேய்ந்து மறுபாதி நிலைத்துவிட்டது. நோயாளிக்கு ‘ஸ்பீடி ரெகவரி’ என்று வாழ்த்து அனுப்பும்போது மட்டும் பழைய வாசனை லேசாக அடிக்கும்.

இதுவரை குற்றம் என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? அது வண்டிகளோடு வந்தது. அதிலும் ஒரு விஷயம் முக்கியம்: வேகமாக வண்டி ஓட்டுவதைச் சட்டம் எப்போதோ கண்டித்துவிட்டது, ஆனால் வேறு சொற்களில். இன்றைய நியூயார்க், டச்சுக்காரர்கள் கையில் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்தபோது 1652இல் ஓர் உத்தரவு போட்டார்கள்: ஊருக்குள் வண்டியையோ சறுக்குவண்டியையோ குதிரைப் பாய்ச்சலில் ஓட்டக்கூடாது. 1861இன் ஒரு பிரிட்டிஷ் சட்டத்தில் குற்றத்தின் பெயர் ‘ஃபியூரியஸ் டிரைவிங்’, வெறிகொண்டு ஓட்டுவது. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய நம் இந்தியத் தண்டனைச் சட்டம் 279ஆம் பிரிவில் ‘ரேஷ் ஆர் நெக்லிஜெண்ட்’ என்றது, அதாவது கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவது. எல்லாமே ஓட்டுகிறவரின் போக்கையும் மனநிலையையும் சொல்லும் சொற்கள். எண் எதுவும் இல்லை. குதிரைக்கு ஏது மீட்டர்?

எண் வந்தது நீராவி வண்டிகளுக்காக. பிரிட்டனில் 1861இல் வெளிச்சாலையில் மணிக்கு 10 மைல், ஊருக்குள் 5 மைல் என்று வரம்பு வைத்தார்கள். 1865இல் அதையும் குறைத்து 4 மைல், 2 மைல் ஆக்கினார்கள். வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2 மைல் என்பது சுமார் 3.2 கிலோமீட்டர், நாம் கடைக்கு நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவு. கொடி பிடிக்கும் விதியைப் பிற்பாடு தளர்த்தினாலும் 2 மைல் வரம்பு அப்படியே இருந்தது, அதில்தான் வால்டர் அர்னால்ட் மாட்டினார்.

1896 ஜனவரி, கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்ற ஊர். அர்னால்ட் ஒரு பென்ஸ் வகைக் காரை மணிக்கு சுமார் 8 மைல் வேகத்தில், அதாவது 13 கிலோமீட்டரில், ஊருக்குள் ஓட்டிப் போனார். பார்த்த போலீஸ்காரர் சைக்கிளை எடுத்து மிதித்துத் துரத்தி, ஐந்து மைல் போய்த்தான் பிடித்தார். வேகத்துக்கு அபராதம் 1 ஷில்லிங். குதிரை இல்லாத வண்டியை ஓட்டியது, வண்டியைக் கவனிக்க மூன்று பேர் இல்லாதது என்று மற்றக் குற்றச்சாட்டுகள் தனி. உலகின் முதல் ஸ்பீடிங் அபராதம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் சட்டம் மாறி, இலகு வண்டிகளுக்கு வரம்பு 14 மைல் வரை உயர்ந்தது, நடைமுறையில் 12 ஆக வைத்தார்கள். ஜனவரியில் குற்றமாக இருந்த அதே 8 மைல், நவம்பரில் குற்றமில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் மக்கள் வாயில் இருந்த சொல் ‘ஸ்கார்ச்சிங்’, பொசுக்கிக்கொண்டு போவது. சைக்கிளில் தலையைக் குனிந்துகொண்டு பறக்கும் இளைஞர்களை ‘ஸ்கார்ச்சர்’ என்று திட்டினார்கள். அவர்களைப் பிடிக்க நியூயார்க் போலீசில் சைக்கிள் படையே அமைத்தார்கள், அப்போது போலீஸ் ஆணையராக இருந்தவர் பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். 1899 மே 20 அன்று அந்தச் சைக்கிள் போலீஸ் ஒருவர்தான் லெக்சிங்டன் அவென்யூவில் மின்சார டாக்சியை 12 மைல் வேகத்தில் ஓட்டிய ஜேக்கப் ஜெர்மன் என்ற ஓட்டுநரைப் பிடித்து உள்ளே வைத்தார். அங்கே வரம்பு 8 மைல். 1901இல் கனெக்டிகட் மாநிலம் மோட்டார் வண்டிகளுக்கு நகரத்தில் 12, கிராமத்தில் 15 மைல் என்று மாநிலம் முழுக்கச் சட்டம் போட்டது.

நியூயார்க்கில் 1898இல் ஹார்லெம் ஆற்றங்கரையில் பெரிய சாலை ஒன்றைத் திறந்தார்கள், பெயரே ‘ஸ்பீட்வே’. வசதியானவர்கள் தங்கள் குதிரைகளைப் பூட்டி ஓடவிட்டுப் பார்ப்பதற்காகவே போட்ட சாலை. அங்கே வேகமாக ஓட்டுவது பெருமை. சில ஆண்டுகளுக்குள் கார் வந்து, பலகை வந்து, கையில் கடிகாரத்தோடு போலீஸ்காரரும் வந்தபிறகு ஸ்பீடிங் என்ற சொல்லுக்குக் குற்ற வாடை வந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இன்றைய பொருள் நிலைபெற்றது. வரம்பு முதலில் வந்தது, பெயர் அதன்பிறகு வந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அளக்கிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே அப்போதே மல்லுக்கட்டு தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 1903 சட்டம் 20 மைல் என்று வைத்தது. குறிப்பிட்ட தூரத்தில் இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் ஒளிந்து நின்று, கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்துப் பிடித்தார்கள். இந்தப் பொறிகளிலிருந்து தப்பிக்கவே 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைக் கார்க்காரர்கள் தொடங்கினார்கள். சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, முன்னால் பொறி இருக்கிறது என்று எச்சரித்தார்கள். அப்படி எச்சரிப்பது போலீஸ் கடமையைத் தடுக்கும் குற்றம் என்று 1910இல் தீர்ப்பு வந்ததும் வழியை மாற்றினார்கள். உறுப்பினர் காரில் சங்கத்தின் சின்னத்தைப் பார்த்தால் அவர்கள் சல்யூட் அடிப்பது வழக்கம். இனிமேல் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள், என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சல்யூட் அடிக்காததற்காக எந்த நீதிமன்றம் ஒருவரைத் தண்டிக்க முடியும்?

1930இல் இன்னொன்று நடந்தது. வரம்பை யாரும் மதிப்பதில்லை என்று சொல்லி, கார்களுக்கான வேக வரம்பையே பிரிட்டன் எடுத்துவிட்டது. 1934இல் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 7,343 பேர் செத்தார்கள். 1935 மார்ச் 18 முதல் வீடுகள் நிறைந்த பகுதிகளில் 30 மைல் என்று வரம்பு திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கார் ஓட்டிய எவரையும் ஸ்பீடிங் என்று பிடித்திருக்க முடியாது. ஆபத்தாக ஓட்டினார் என்றுதான் வழக்குப் போட முடியும், அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வழக்காடியவர்களுக்குத் தெரியும். எண் இருந்தால் வாதம் குறையும், அதுதான் எண்ணின் பலம்.

எண் வெறும் சம்பிரதாயமும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 80க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடிவிடுகிறது. பிரேக்கில் கால் வைக்கும் முன் ஒரு நொடி போனால், 60இல் சுமார் 17 மீட்டரும் 80இல் 22 மீட்டரும் வண்டி சும்மாவே ஓடியிருக்கும். அந்த ஐந்து மீட்டரில் ஒரு ஜீப்ரா கிராசிங் முழுசாக அடங்கும்.

இன்று அளப்பது கேமரா. அதில் பேர்போன கேட்சோ கேமராவைக் கண்டுபிடித்தவர் மௌஸ் கேட்சோனிடஸ் என்ற டச்சு ரேஸ்காரர், 1953 மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவுகளில் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று பார்த்து இன்னும் வேகம் கூட்டுவதற்காகத்தான் முதலில் கருவி செய்தார். ரேடார் அளந்ததும் கேமரா அடுத்தடுத்து இரண்டு படம் எடுக்கும். சாலையில் வரிசையாக வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள், இரண்டு படத்துக்கும் நடுவே வண்டி எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணி, ரேடார் சொன்னது சரிதானா என்று கையாலேயே சரிபார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வேக வரம்புக்கு 112ஆம் பிரிவு, அதைத் தாண்டினால் தண்டனைக்கு 183ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் அபராதம். மறுபடி மாட்டினால் லைசென்சுக்கே ஆபத்து. பலரும் படிக்காத இரண்டு விஷயங்கள் 183இல் இருக்கின்றன. ஒன்று, ஒரே ஒரு சாட்சி ‘இவர் வரம்பைத் தாண்டிப் போனார் என்பது என் கருத்து’ என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, அந்தக் கருத்து ஒரு கருவியின் கணக்கை வைத்து வந்ததாகக் காட்ட வேண்டும். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: ஓட்டுநரை வேலைக்கு வைத்து வரம்பை மீற வைக்கும் முதலாளியும் குற்றவாளி, வரம்புக்குள் ஓட்டினால் முடிக்கவே முடியாத கால அட்டவணையைப் போட்டாலோ, இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டாலோ, அதுவே அவருக்கு எதிரான ஆதாரம். போட்டி போட்டு ஓடும் தனியார் பஸ்களையும், நிமிடக் கணக்கில் சாப்பாடு கொண்டுவரச் சொல்லும் நிறுவனங்களையும் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிரிவு தூசி தட்டப்படாமல் கிடக்கிறதே என்று வயிறு எரியும். நம் பேச்சில் ஸ்பீடிங் எப்போதும் ஓட்டுநரின் தலையில்தான் விடிகிறது.

இது தவிர, கண்மூடித்தனமாக ஓட்டும் குற்றம் தனியாக இருக்கிறது. பழைய 279, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281. இரண்டையும் கலக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கர்நாடக அரசுக்கும் சதீஷ் என்பவருக்கும் நடந்த 1998 வழக்கில், லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்திருந்தார்கள். சாட்சிகள் எல்லோரும் லாரி ‘ஹை ஸ்பீடில்’ வந்தது என்றார்கள். எது ஹை ஸ்பீட் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹை ஸ்பீட் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் சொல், அதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்றோ கண்மூடித்தனம் என்றோ முடிவு கட்ட முடியாது என்று சொல்லி, உயர்நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அந்த 15 குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் தீர்ப்பைப் படிக்கிற எவருக்கும் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரியும்: விசாரணையில் யாரும் அளவைத் தேடவில்லை.

இப்போது நம் ஊர் முதல் தகவல் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: ‘எதிரே வந்த லாரியை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்’. எழுதுகிறவர் கை தானாக எழுதும் வரி இது. செய்தித்தாளில் அது ‘அதிவேகமாக வந்த லாரி’ ஆகும், ஆங்கிலப் பத்திரிகையில் ‘ஸ்பீடிங் லாரி’ ஆகும். யாரும் அளக்கவில்லை, அந்தச் சாலையின் வரம்பு என்ன என்றும் யாரும் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த லாரி மீது பைக் மோதிய வழக்கில்கூட அந்த வரி எட்டிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்ததாகவும், அதில் 70 சதவீதத்துக்கும் மேல் ஓவர் ஸ்பீடிங் காரணம் என்றும் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படை போலீஸ் பதிவுகள்தான். வேகம் உயிரைக் குடிக்கிறது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டால், தெருவிளக்கு இல்லாததும், சென்டர் மீடியனில் திடீரென்று வெட்டிவிட்ட இடைவெளியும், பிரேக் போன வண்டியும் அதற்குள் மறைந்துவிடும்.

அதனால் மொழிபெயர்க்கும்போது என் வழக்கம் இது. தமிழில் ‘அதிவேகமாக’ என்று இருந்தால் ஆங்கிலத்தில் ‘அட் ஹை ஸ்பீட்’ என்றுதான் போடுவேன், ‘ஸ்பீடிங்’ என்று போட மாட்டேன். ஸ்பீடிங் என்று எழுதினால் மூலத்தில் இல்லாத ஒரு குற்றச்சாட்டை நானே சேர்த்த மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, சட்டப் பொருளில் இருந்தால் ‘வேக வரம்பை மீறி ஓட்டுதல்’. ஆற்றைத் தாண்டி விரையும் ரயில் என்றால் ‘விரைந்து செல்லும்’ போதும். ‘விரைதல்’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போடும் அகராதிகள் பாதி வேலைதான் செய்திருக்கின்றன.

இலக்கணம் சுருக்கமாக. இறந்தகாலத்தில் ‘ஸ்பெட்’, ‘ஸ்பீடெட்’ இரண்டும் உண்டு. கார் சீறிக்கொண்டு போய்விட்டது என்றால் ‘ஸ்பெட் அவே’. ‘ஸ்பீட் அப்’ என்று வந்தால், அதாவது முடுக்கினார் என்றால், ‘ஸ்பீடெட் அப்’. குற்றத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘வாஸ் ஸ்பீடிங்’, ‘காட் ஸ்பீடிங்’ (ஸ்பீடிங்கில் பிடிபட்டார்) என்றுதான் வரும். ‘ஸ்பீடிங் அப்’ என்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, வேலையை விரைவுபடுத்துவதற்கும் அதையே சொல்வார்கள். ‘ஓவர் ஸ்பீடிங்’ இந்திய ஆங்கிலம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஸ்பீடிங் என்றாலே ‘ஓவர்’ அதற்குள் இருக்கிறது. நம் அரசு அறிக்கைகளிலேயே ஓவர் ஸ்பீடிங் என்று இருப்பதால் இங்கே எழுதுவதில் தவறில்லை, வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் அந்த ‘ஓவரை’ விட்டுவிடுங்கள். இன்னொன்று: 1960களிலிருந்து ‘ஸ்பீட்’ என்பது ஆம்பெட்டமைன் என்ற போதைமருந்துக்கும் பேச்சுவழக்குப் பெயர், அந்த வட்டாரத்தில் ஒருவர் ஸ்பீடிங் என்றால் போதையில் இருக்கிறார் என்று பொருள். கதைகளிலும் சீரியல்களிலும் இது வரும்போது காரைத் தேடாதீர்கள்.

கடைசியாக, என்றைக்காவது ஒரு விபத்தை நேரில் பார்த்து நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால், ‘ஓவர் ஸ்பீடா வந்தான் சார்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியை முதலில் எந்த இடத்தில் பார்த்தீர்கள், மோதும் முன் பிரேக் சத்தம் கேட்டதா, டயர் தேய்ந்த கறுப்புக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, மோதிய பிறகு வண்டி எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நின்றது, அந்த இடத்தில் வேகப் பலகை இருந்ததா, இருந்தால் என்ன எண், இதையெல்லாம் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். போலீஸ் விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் பதிவு செய்யும் பார்வை மகஜர் எழுதும்போது அந்தக் கறுப்புக் கோட்டை டேப் வைத்து அளந்து, நீளத்தை மீட்டரில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மழை பெய்தாலோ நாலு லாரி போனாலோ அது அழிந்துவிடும்.